கோல்ஃப் திடலிலிருந்து வந்த புல்வெட்டி: ஆறு மாரிக்குப் பின்

கரவெட்டியிலுள்ள விளையாட்டுக் கழகம் ஒன்றின் செயலாளர் சென்ற கிழமை, “அண்ணை, உங்கட சிலிண்டர் மெசின் எப்பிடி, நாங்களும் ஒண்டு எடுப்பமோ?” என்று கேட்டார். அன்று காலையில்தான் அந்த இயந்திரத்தின் திருகாணியை மூன்றாவது தடவையாக லேத் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். ஆகவே இதில் கோபம் கலந்திருக்கும். அதைக் கழித்துவிட்டு வாசிக்கவும்.

ஒன்ராறியோவில் ஒரு கோல்ஃப் திடலில் ஒன்பது வருடம் புல் பராமரித்தவன் நான். ஊர் திரும்பி, 2019இல், கொழும்பில் பழைய இயந்திரங்கள் விற்பவர் ஒருவரிடமிருந்து, கோல்ஃப் திடலொன்றில் கழித்துவிட்ட இதனை எங்கள் கழகத்தின் துடுப்பாட்ட ஆடுகளத்துக்காக வாங்கினேன். 21 அங்குல அகலம், சுழலும் சிலிண்டரில் 11 கத்திகள், பெற்றோல் எஞ்சின். எஞ்சினைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வெட்டைப் பற்றியும் இல்லை. சாதாரணப் புல்வெட்டி புல்லை அடித்துப் பிய்க்கிறது. மறுநாள் பார்த்தால் நுனிகள் வைக்கோல் நிறத்தில் நிற்கும். இது, சுழலும் கத்திக்கும் அடியில் அசையாமல் நிற்கும் கீழ்க்கத்திக்கும் இடையில் புல்லைக் கொடுத்துக் கத்தரிக்கோல் போல நறுக்குகிறது. 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேல் மயிரைச் சீவும் இயந்திரத்தைப் பார்த்து அமைத்த அதே முறைதான் இன்றும். வெப்ப நாடுகளின் கோல்ஃப் திடல்களில் பேர்மூடா என்ற பெயரில் வளர்க்கும் கலப்பினப் புல், நாங்கள் பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகின் வழிவந்தது. ஆதலால் எங்கள் அறுகு இந்தக் கத்திக்கு அந்நியமானதல்ல. 6 மில்லிமீற்றரில் வெட்டிய மறுநாள் விடியப்புறம், பனி இறங்கிய ஆடுகளத்தில் அந்தப் பச்சையை மட்டும் பார்ப்பதற்காக நான் சைக்கிளில் போனதுண்டு.

தொல்லை முழுவதும் அந்தக் கீழ்க்கத்தியில்தான். இரண்டு கத்திகளுக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான் இருக்கலாம். பத்திரிகைத் தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து நடுவில் கொடுத்து, சிலிண்டரைக் கையால் மெல்லச் சுழற்றினால், இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை எங்கு கொடுத்தாலும் தாள் சுத்தமாக வெட்டுப்பட வேண்டும். நான் மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் கிழிப்பேன். அது எப்போதும் தாராளமாகக் கிடைக்கும். வலக்கோடியில் தாள் வெட்டுப்படாமல் மடங்கினால், அந்தப் பக்கத்தில் இடைவெளியைப் பிடித்துவைக்கும் திருகாணி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். கோல்ஃப் திடலின் பசுந்தரை, அதாவது குழியைச் சுற்றிப் பந்தை உருட்டும் இடம், சரளைக்கல் அடுக்கின் மேல் ஓர் அடி ஆழத்துக்கு அரித்த மணல் போட்டு எழுப்பப்படுவது. அங்கே கத்தி கல்லைக் காண்பது அரிது. எங்கள் செம்பாட்டு மண்ணிலோ ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் சுண்ணக்கல் துணுக்குகள் மேலே கிளம்புகின்றன. கடலை அளவு கல் ஒன்று போதும். கத்தியில் பல் விழும், திருகாணி இளகும். வெட்டுவதற்கு முன் பொடியன்களை வரிசையாக நடக்கவிட்டுக் கல் பொறுக்குவிக்கிறேன். அப்படியும் ஒன்று தப்பும்.

இதற்கு இயந்திரத்தைவிட கோல்ஃப் திடல் பராமரிக்கும் தொழிலையே நான் குறை சொல்வேன். 1935இல் எட்வேர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர் பசுந்தரையில் பந்து எத்தனை அடி உருள்கிறது என்று அளக்க ஒரு சாய்கோலைச் செய்தார். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1978இல் அதனைப் பராமரிப்பாளர்களின் கையில் கொடுத்தது. ஒரே திடலின் 18 பசுந்தரைகளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்கான கோல் அது. பக்கத்துத் திடலை முந்துவதற்கான கோலாகிவிட்டது. எழுபதுகளில் ஆறேழு அடி உருண்ட பந்து இன்று பெரிய போட்டிகளில் 12 அடிக்கு மேல் உருள்கிறது. அதற்காகப் புல்லை 3 மில்லிமீற்றருக்கும் கீழே சிரைக்கிறார்கள். சிரைப்பதற்காகக் கீழ்க்கத்தியை மெலிதாக்குகிறார்கள். சிரைத்த புல் வாடி நோய்ப்பட, மருந்து தெளிக்கிறார்கள். நானும் தெளித்தவன்தான். ஒன்ராறியோவில் அழகுக்காகப் பீடைகொல்லி தெளிப்பதை 2009இல் தடை செய்தபோது, வீட்டு முற்றங்களுக்குக் கிடைக்காத விலக்கு, நிபந்தனைகளோடு, கோல்ஃப் திடல்களுக்குக் கிடைத்தது. எனக்கு வந்த இயந்திரத்திலும் அந்த மெலிந்த கத்திதான் இருந்தது. இரண்டாவது மாரியோடு அது முடிந்தது.

விற்றவரிடம் திருகாணி ஒன்று கேட்டால் முழுத் தொகுதியாகத்தான் தருவாராம். 2022இல் ரூபா விழுந்தபோது அந்தத் தொகுதியின் விலை நான் இயந்திரத்துக்குக் கொடுத்த காசைத் தாண்டியது. அந்த வருட எரிபொருள் தட்டுப்பாட்டில், மோட்டார் சைக்கிளுக்கென்று கியூ.ஆர் பங்கீட்டில் கிழமைக்குக் கிடைத்த 4 லீற்றர் பெற்றோலில்தான் புல்லும் வெட்டினேன். வீட்டில் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

வாங்க வேண்டாம் என்றே செயலாளருக்குச் சொன்னேன். பாய் விரித்து விளையாடும் அவர்களுடைய ஆடுகளத்துக்கு இது தேவையுமில்லை. மாரியில் கணுக்காலுக்கு மேல் வளர்ந்த புல்லில் இது திணறி நின்றும்விடும். அவர் விடாமல், அப்படியானால் உங்களுடையதைத் தருவீர்களா என்று கேட்டார். தரமாட்டேன். பட்டறையில் இந்த முறை இரண்டு திருகாணிகள் கடையச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் எனக்கே வேண்டியிருக்கும்.