வில்லுக்கு "ஒரிஜினல் நரம்பு" என்று நைலான் நூலை விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

மரவில் செய்கிறவர்கள், செய்யக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள், அவர்களுக்குப் பொருள் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் எல்லோரும் இதைப் படியுங்கள். வில்லின் முதுகில் ஒட்டுவதற்கான எருமைக்கால் நரம்பு (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) என்று சொல்லி, மெழுகு பூசிய செயற்கை நூலை விற்கிறார்கள். என் தலையிலும் கட்டினார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை. ஒரு பள்ளிக்கூடப் பையனுக்காகச் செய்த வில் அது, அதுதான் மனசு ஆறவில்லை.

வில்லை வளைக்கும்போது நம்மைப் பார்த்திருக்கும் வயிற்றுப் பக்கம் நசுங்கும், எதிரே பார்த்திருக்கும் முதுகுப் பக்கம் இழுபடும். மரத்தின் ரேகை எங்காவது குறுக்கே ஓடியிருந்தால் அந்த இடத்தில்தான் சிம்பு கிளம்பி வில் முறியும். அதைத் தடுக்கத்தான் முதுகில் நரம்பு, தோல், பட்டு, மூங்கில் பத்தை என்று ஏதாவது ஒட்டுகிறோம். இதில் நரம்புக்குத் தனி மரியாதை உண்டு. நன்றாக நீளும், நீண்ட பிறகு வேகமாகத் திரும்பும், வஜ்ரப் பசையில் நனைத்து ஒட்டினால் காயக் காயச் சுருங்கி வில்லையே எதிர்ப்பக்கம் வளைத்துவிடும். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பதுதான் வஜ்ரம், நரம்பும் அதே இனம், அதனால்தான் இரண்டும் அப்படி ஒன்றிப்போகின்றன.

எனக்கு வந்த பொட்டலத்தில் நரம்பு ஒரே அகலத்தில், ஒரே நிறத்தில், பிசுபிசுப்பாக இருந்தது. ஆட்டுக்கால், மாட்டுக்கால் நரம்பைக் காயவைத்து மரச் சுத்தியலால் தட்டிப் பிரித்தவர்களுக்குத் தெரியும், அது ஒருநாளும் இப்படி ஒரே சீராக வராது, ஒரு இழை முடி மாதிரி இருக்கும், பக்கத்து இழை தடியாக இருக்கும், நீளமும் ஒரு கால் எலும்பின் நீளத்தைத் தாண்டாது. போன் செய்து கேட்டேன். "பூச்சி அரிக்காமல் இருக்க மெழுகு போட்டிருக்கிறோம் சார், வெந்நீரில் அலசிவிட்டு ஒட்டுங்கள், நாங்கள் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறோம்" என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னார். அலசி, காயவைத்து, ஒட்டி, பசை இறுக வாரக்கணக்கில் காத்திருந்து, ஒருவழியாக நாண் பூட்டிக் கயிறு போட்டு இழுத்துப் பார்த்தால், பாதி இழுப்பிலேயே முதுகில் ஒட்டியது பூராவும் வாழைநார் உரிகிற மாதிரி உரிந்து வந்தது, அடியிலிருந்த சடச்சி மரம் சிம்பெடுத்து முறிந்தது. நல்லவேளை, இழுத்தது சுவரில் மாட்டிய கப்பி. பையன் கையில் இருந்திருந்தால் அந்தச் சிம்பு முகத்துக்குத்தான் போயிருக்கும்.

மிச்சமிருந்ததில் ஒரு இழையை எரித்துப் பார்த்தேன், உருகி உருண்டையாகி, பிளாஸ்டிக் வாடை அடித்தது. நிஜ நரம்பு என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் நசுங்கித் தூளாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் நரம்பு கொழகொழப்பாகி இளகும், நைலான் போட்டது போட்டபடியே கிடக்கும். பொட்டலம் வந்ததும் இந்த இரண்டையும் செய்துவிடுங்கள், பிரிக்கும்போதே வீடியோவும் எடுத்துவிடுங்கள்.

படங்களை அனுப்பியதும் அவர் பேச்சு மாறியது. உங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து ஈரத்துக்கு எந்த நரம்பும் நிற்காது, தப்பு உங்கள் ஊர்க் காற்றில் என்றார். அதற்குப் பிறகு சொன்னதுதான் மோசம்: இரட்டிப்பு விலை கொடுத்தால் "ஒரிஜினல் மான் நரம்பு" தருகிறாராம். புள்ளிமானும் கடமானும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை. மான் நரம்பு என்று ஒருவர் விற்றால் ஒன்று பொய் சொல்கிறார், இல்லை நம்மையும் சேர்த்துக் கேஸில் மாட்டிவிடப் பார்க்கிறார். அந்தப் பேச்சை யார் எடுத்தாலும் அங்கேயே தொடர்பை நிறுத்துங்கள்.

ஈரம் பற்றி அவர் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது, ஆனால் அது விற்பதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய உண்மை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நரம்பும் வஜ்ரமும் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும், வில்லின் பலம் இறங்கிவிடும். டெல்டாவில் இருந்துகொண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு வில் செய்கிறவர்கள் நரம்புக்கே போக வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நமக்குப் பக்கத்திலேயே திருபுவனத்தில் பட்டு நெய்கிறார்கள். ஜரிகை இல்லாத வெறும் பட்டுத் துணியை இரண்டு அடுக்காக, தண்ணீர் தாங்கும், மரம் ஒட்டுகிற பசையால் ஒட்டினால் போதும், வில்லின் வேகம் அதிகமாகாது, ஆனால் சிம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய புடவை வேண்டாம், இற்றுப்போயிருக்கும். பட்டிலும் பாலியஸ்டர் கலப்பு உண்டு, அதற்கும் அதே நெருப்புச் சோதனைதான். தோல்தான் வேண்டும் என்றால் மிருதங்கம், தவில் செய்கிறவர்களிடம் பதனிடாத ஆட்டுத்தோல் கேட்டுப் பாருங்கள், செருப்புக்குப் பதனிட்ட தோல் இதற்கு உதவாது, இழுத்தால் தொய்ந்துவிடும். கல்மூங்கில் பத்தை இழுவிசையை அருமையாகத் தாங்கும், ஆனால் வயிற்றுப் பக்க மரம் மெத்தென்று இருந்தால் அதையே நசுக்கிவிடும், அதனால் கெட்டி மரத்துக்கு மட்டும், அதுவும் பத்தையை மெல்லிசாகச் சீவி ஒட்டுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். அவர் அனுப்பிய செய்திகள், பணம் கட்டிய ரசீது, எரித்துப் பார்த்த வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது. இதே மாதிரி மெழுகுப் பொட்டலம் வாங்கியவர்கள் இருந்தால் நீங்களும் புகார் கொடுங்கள், ஏற்கெனவே ஒட்டியிருந்தால் அந்த வில்லைத் தயவுசெய்து யார் கையிலும் கொடுக்காதீர்கள்.