நகரும் கோளரங்கம்: படம் அருமை, பேச்சு சுமார்

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டிருந்த நகரும் கோளரங்கத்துக்கு என் டியூஷன் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். காற்றடித்து நிமிர்த்திய கூடாரம், குனிந்துதான் நுழையணும். தலைக்கு 80 ரூபாய். ஏசி கிடையாது. காற்று ஊதுகிற மிஷின் பக்கம் உட்கார்ந்தால் பேச்சு பாதிதான் கேட்கும்.

கருந்துளைப் படம் வேண்டாம், கோள்கள் இடம் மாறுகிற படத்தைப் போடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். 1995-இல் மேயர், கெலோ என்ற வானியலாளர்கள் கண்டுபிடித்த, வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் 51 பெகாசி பி கோளில் தொடங்குகிறது. வியாழனின் நிறையில் கிட்டத்தட்ட பாதி இருக்கும். தன் நட்சத்திரத்தை ஒட்டி 4.2 நாளில் ஒரு சுற்று. அவ்வளவு பக்கத்தில் அப்படி ஒரு வாயுக்கோள் உருவாவது கஷ்டம். தள்ளிப் பிறந்து உள்ளே வந்திருக்கணும்.

அடுத்த காட்சிக்கே 80 ரூபாய் தகும். தலைக்கு மேலே வாயுத்தட்டு, அதாவது இளம் நட்சத்திரத்தைச் சுற்றித் தட்டுபோல் சுழலும் வாயு, விரிய, குட்டிக்கோளின் இரு பக்கமும் சுருள் அலை கிளம்புகிறது. ஆனால் பின்னணிக் குரல், ஆற்றுவெள்ளம் கட்டையை அடித்துப் போவதுபோல வாயு கோளைத் தள்ளுகிறதாம். அது தப்பு. கோளின் ஈர்ப்பால் வாயு அலையாகத் திரளும், அந்த அலை திரும்பக் கோளை இழுக்கும். உள்பக்க அலை முந்தி ஓடுவதால் முன்னே இழுக்கும், வெளிப்பக்க அலை பின்னே இழுக்கும். பெரும்பாலும் பின்னிழுப்பே ஜெயிக்கும். கோண உந்தம், அதாவது சுற்றி ஓடுகிற உந்துதல், குறைந்து கோள் உள்ளே இறங்கும். படத்தில் இது சரியாகவே இருக்கிறது. எழுதினவர்தான் படத்தைப் பார்க்கவில்லை போல.

வியாழன் அளவுக்கு வளர்ந்த கோள் தன் பாதையில் வாயுவை விலக்கி இடைவெளி உண்டாக்குவதையும் காட்டுகிறார்கள். அதற்கு பிடிஎஸ் 70 என்ற இளம் நட்சத்திரத்தின் நிஜப்படம்: சுமார் 370 ஒளியாண்டு தள்ளி, தட்டின் இடைவெளியில் இரண்டு கோள்கள். அது இருக்கும் சென்டாரஸ் நட்சத்திர மண்டலம் மே மாத ராத்திரியில் நம்மூர்த் தெற்கு வானத்தில் நன்றாகத் தெரியும். அதைச் சொல்லியிருக்கலாம்.

முடிந்ததும் ஒரு பையன், "அப்போ பூமியும் சூரியன்கிட்ட போயிருமா?" என்று கேட்டான். "அடுத்த ஷோ இருக்கு தம்பி, வெளியே வாங்க" என்றார் ஆபரேட்டர். வெளியே டீக்கடையில் நான்தான் சொன்னேன்: அந்தத் தட்டு சில மில்லியன் வருஷத்திலேயே கலைந்துவிடும், நம் சூரியனுக்கு அது எப்போதோ போய்விட்டது, இழுக்க அலையே கிடையாது.

எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் தாராளமாகக் கூட்டிப் போகலாம். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு நீங்களே விளக்குங்கள், கேட்டால் குறைக்கிறார்கள்.