ரெக்ஸ் படக்கொட்டகையில் ஒரு பேய்க்கதை நடை

ஆவிகள் உலவும் காலம் என்று சீனர்கள் நம்பும் அவர்களின் ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எழுபத்திரண்டு வயதான என் அம்மாவையும் அக்காள் மகளையும் அழைத்துக்கொண்டு கோலாலம்பூர் ஜாலான் சுல்தானில் உள்ள பழைய ரெக்ஸ் படக்கொட்டகையின் வரலாற்றையும் பேய்க்கதைகளையும் சொல்லும் வழிகாட்டி நடை ஒன்றுக்குப் போயிருந்தேன். கட்டணம் ஆளுக்கு 45 வெள்ளி (ரிங்கிட்), நேரம் இரண்டு மணி. இதை நடத்துவது அந்தக் கட்டடத்தின் நிர்வாகம் அல்ல. பழைய நகர்ப்பகுதிகளைச் சுற்றிக் காட்டும் ஒரு சிறு இளைஞர் குழு. குறைகளையும் சொல்லப் போவதால் குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. பசார் செனி எம்ஆர்டி இரயில் நிலையத்தின் வாசலில் ஏழு மணிக்குக் கூடி, அங்கிருந்து நடந்தே போனோம்.

முதலில் கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த மாலையின் பெரும் பலம் அதுதான். ரெக்ஸ் 1947-இல் எழுந்த படக்கொட்டகை. 1972-இல் தீப்பிடித்து அழிந்து, 1976-இல் மீண்டும் கட்டப்பட்டது. 2002-இல் மறுபடியும் தீ. அதன் பிறகு படம் காட்டும் இடமாக அது எழவே இல்லை. பல கைகள் மாறிப் பாழடைந்து கிடந்த அதைக் கட்டடக் கலைஞர்கள் முன்னின்று சீர்செய்து, 2019-இல் ரெக்ஸ்கேஎல் என்ற பெயரில் உணவுக்கடைகளும் சிறு வணிகங்களும் கலை நிகழ்ச்சிகளும் கூடும் இடமாகத் திறந்தார்கள். 2021-இல் புக்எக்ஸஸ் புத்தகக்கடையும் உள்ளே வந்தது. சீரமைப்பு என்றால் பளபளவென்று புதுப்பித்துவிடுவது என்று நினைக்கும் ஊரில், இவர்கள் பழைய சுவரைச் சுவராகவே விட்டுவைத்திருப்பதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

புத்தகக்கடைக்குள் நுழைந்தவுடன் அம்மா நின்றுவிட்டார். தரை சமமாக இல்லை. படிப்படியாக இறங்கிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு படியும் ஒரு காலத்தில் ஒரு நாற்காலி வரிசை இருந்த இடம். இப்போது அந்தப் படிகளின்மேல் மர அலமாரிகள் வளைந்து வளைந்து நிற்கின்றன. ஒரு படியின் விளிம்பில் ஒரு சிறுவன் கால்களைத் தொங்கவிட்டு, மடியில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தான். அவன் முகம் திரை இருந்த பக்கத்தைப் பார்த்தபடி இருந்தது. அம்மா அவனையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இவன் ரெண்டாம் வகுப்பு டிக்கெட்ல உக்காந்திருக்கான்" என்றார்.

நடையின் முதல் பாதி மிக நன்றாக இருந்தது. வழிகாட்டியான சீன இளைஞர் பழைய படச்சுருளின் துண்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். என் அக்காள் மகள் அதை விளக்குக்கு நேரே பிடித்து, ஒரே முகம் கட்டம் கட்டமாகத் திரும்புவதைக் கண்டு வியந்துபோனாள். முற்காலத்துப் படச்சுருள்கள் நைட்ரேட்டில் செய்யப்பட்டவை என்பதையும், அது எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளியிடுவதால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். அதனால்தான் பழைய கொட்டகைகளில் படம் ஓட்டும் அறை தடித்த சுவருடன் தனியாக இருந்தது; படத்தின் ஒளி வெளியே போகும் சின்னஞ்சிறு துளைகளுக்கு முன்னால் தீ கண்டவுடன் தானாக விழுந்து மூடும் இரும்புத் தகடுகளும் இருந்தன. ஒரு சுருள் ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும் என்பதால் இரண்டு இயந்திரங்களை மாற்றி மாற்றி இயக்குவார்களாம். சுருள் முடியப்போவதைத் திரையின் வலது மேல் மூலையில் தோன்றி மறையும் ஒரு புள்ளியை வைத்தே அறிவார்களாம். சிறு வயதில் அந்தப் புள்ளியைப் பார்த்து இது என்ன என்று குழம்பிய எனக்கு, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு விடை கிடைத்தது. ஒன்றை மட்டும் அவர் சொல்லாமல் விட்டார்: 1950-களின் தொடக்கத்திலேயே நைட்ரேட் சுருள்கள் வழக்கொழியத் தொடங்கிவிட்டன. அந்த விளக்கத்தைக் கேட்டவர்கள் 1972-இல் ரெக்ஸ் எரிந்ததற்கும் அதுவே காரணம் என்று எண்ணிக்கொண்டு போகக்கூடும். ஒரு வாக்கியத்தில் தெளிவுபடுத்தியிருக்கலாம்.

பேய்க்கதைகள் தொடங்கியபோதுதான் எனக்கு வருத்தம் வந்தது. நள்ளிரவில் படிக்கட்டில் நடமாடும் ஜப்பானியச் சிப்பாய் ஒருவரைப் பற்றி வழிகாட்டி விரிவாகச் சொன்னார். இந்தக் கொட்டகைக்குள்ளேயே அந்தச் சிப்பாய் உயிர்விட்டாராம். ஜப்பானியர் சரணடைந்தது 1945-இல். கொட்டகை கட்டப்பட்டது 1947-இல். நாங்கள் நின்றிருந்த படிக்கட்டோ 1976-க்குப் பிந்தியது. அரை மணி நேரத்துக்கு முன்னால் இதே ஆண்டுகளைத் தம் வாயாலேயே சொன்னவர், அவற்றை மறந்துவிட்டுக் கதை சொல்வது கேட்பவர்களை மதிக்காத செயல். பேய்க்கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம், ஆனால் கதைக்கு ஒரு நாணயம் வேண்டும். எந்தக் கட்டடத்துக்கும் பொருந்தும் கதையைச் சொல்வதற்கு ரெக்ஸ் வரை எங்களை ஏன் அழைத்துவர வேண்டும்? இரண்டு முறை எரிந்த ஒரு கொட்டகைக்குக் கடன் வாங்கிய பேய்கள் தேவையே இல்லை.

வெள்ளை உடைப் பெண்ணின் கதை இதைவிடப் பரவாயில்லை. பிள்ளைப்பேற்றில் இறந்த பெண் போந்தியானாக் என்னும் பேயாக அலைவாள் என்ற மலாய் நம்பிக்கையைச் சொல்லி, 1957-இல் மரியா மெனாடோ நடித்து வெளிவந்த 'போந்தியானாக்' படம் அந்தப் பேயைத் திரைக்குக் கொண்டுவந்ததையும் அழகாக இணைத்தார். அந்தப் படத்தை இயக்கிய பி. என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதை அவர் குறிப்பிடவில்லை. மலாய்த் திரையுலகின் தொடக்க கால இயக்குநர்களில் நம் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்படிப்பட்ட இடங்களில்தான் கேட்டறிய வேண்டும்.

அன்று கேட்ட கதைகளில் மிகச் சிறந்தது கட்டணத்தில் சேராதது. ஏழாம் மாதத்தில் சீனர்கள் நடத்தும் கலைநிகழ்ச்சிகளில் முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்காகக் காலியாக விட்டுவைப்பார்கள் என்று வழிகாட்டி சொன்னதும், அம்மா தாமாகவே பேசத் தொடங்கினார். அவர் பிறந்த தோட்டத்துக்கு அருகில் இருந்த சிறு பட்டணத்துக் கொட்டகையில், ஒரு பெரியவர் சனிக்கிழமைதோறும் வந்து கடைசி வரிசை மூலை நாற்காலியில் உட்காருவாராம். ஒருநாள் படம் முடிந்து விளக்குப் போட்டபோது அவர் எழுந்திருக்கவில்லை. டிக்கெட் கிழிக்கும் அண்ணன் பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை அந்த நாற்காலிக்குச் சீட்டு விற்கவில்லை; ஒவ்வொரு மாலையும் அதன் கைப்பிடியில் ஓர் ஊதுபத்தியைச் செருகி வைத்தாராம். "இருட்டுல அந்தப் புகைய பாத்துட்டு நாங்கதான் பேய் பேய்னு கத்தினோம். அந்த அண்ணன் ஒன்னும் சொல்ல மாட்டாரு" என்றார் அம்மா. நான் மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னேன். வழிகாட்டி தம் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். கடைசியில், "ஆன்ட்டி, அடுத்த நடையில் இதை நான் சொல்லலாமா?" என்று அனுமதி கேட்டார். அம்மா, "சொல்லுப்பா, ஆனா அந்த ஊதுபத்திய விட்டுடாத" என்றார். வழிகாட்டி கெட்டிக்காரர்; கற்றுக்கொள்ளும் மனமும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

என் பெரிய குறை நடை முடிந்த இடத்தைப் பற்றியது. ரெக்ஸிலிருந்து சில நிமிட நடையில் மெட்ராஸ் லேன் இருக்கிறது. இன்று லக்சா ஒட்டுக்கடைகளுக்காக எல்லாரும் தேடிப் போகும் அந்தச் சந்துக்குப் பெயர் தந்தது, அங்கே நின்று தீயில் அழிந்துபோன மெட்ராஸ் தியேட்டர். எரிந்த படக்கொட்டகைகளைப் பற்றிய ஒரு நடை, சென்னையின் பெயரைத் தாங்கிய எரிந்த கொட்டகையைத் தொடாமலே முடிகிறது. அதைப் போலவே, 1873-இல் தம்புசாமிப் பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயில் அருகிலேயே இருந்தும், தைப்பூச இரதம் புறப்படும் அந்த வட்டாரத்தில் நம்மவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. இதைக் கேட்டபோது, நேரம் போதவில்லை என்று பதில் வந்தது. சிப்பாய்க்குக் கொடுத்த பதினைந்து நிமிடம் இதற்குத் தாராளமாகப் போதும்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். விளக்கம் மலாயும் ஆங்கிலமும் கலந்தே வருகிறது, தமிழில் இல்லை. படிகள் அதிகம் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மெதுவாகவே அழைத்துப் போகிறார்கள். வார இறுதியில் கீழ்த்தளத்துக் கூட்டத்தின் இரைச்சலில் பேச்சு பாதிதான் காதில் விழும் என்பதால் வார நாளே நல்லது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தாராளமாக அழைத்துச் செல்லலாம். எங்கள் வீட்டுப் பெண் அன்றிரவு பயப்படவில்லை, படச்சுருளைப் பற்றித்தான் பேசிக்கொண்டே வந்தாள்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கிறேன். ரெக்ஸ் கட்டடத்தை மட்டும் பார்ப்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை, ஆகவே நடைக்குப் போகாதவர்களும் ஒருமுறை போய் அந்தப் படிகளில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். நடையை மெட்ராஸ் லேன் வரை நீட்டினால், மறுபடியும் 45 வெள்ளி கொடுத்து, இந்த முறை என் பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு போவேன்.