காலையில சீனத்துல வணக்கம் சொல்ற மெஷின்: பேரணாம்பட்டு அப்பர் யூனிட்லேருந்து ஒரு ரிவியூ

மொதல்ல மெஷின் இன்னானு சொல்லிடறேன். சிங்கிள் நீடில் போஸ்ட் பெட் (தைக்கற எடம் தூண் மாதிரி ஒசந்து கீறது), ரோலர் ஃபீட் (ரோலர் உருண்டு தோல நகத்தும்), டைரக்ட் டிரைவ் சர்வோ மோட்டார், நூல தானா அறுக்கும், ஃபுட் தானா தூக்கும். சீனாவுல ஜெஜியாங் மாகாணம் தைஜோவ் ஊர்ல செஞ்சது, தையல் மெஷினுக்குனே பேர் போன ஊரு அது. 2024 அக்டோபர் கடைசில ஜிஎஸ்டி எல்லாம் சேத்து 61,000 ரூபாக்கு வாங்குனேன். பிராண்ட் பேரும் டீலர் பேரும் போட மாட்டேன், கேக்காதீங்க, இன்னும் அவங்க கிட்ட தான் ஸ்பேர் வாங்கணும்.

நம்முது பேரணாம்பட்டுல சின்ன யூனிட். எட்டு மெஷின், பதினோரு பேரு. ஆம்பூர் பக்கத்து கம்பெனிங்களுக்கு ஷூ அப்பர், அதாவது ஷூவோட மேல் பாகம், தச்சு குடுக்குற ஜாப் வொர்க். பழைய கிளட்ச் மோட்டார் மெஷின்ல ஓட்டினு இருந்தோம், அது தச்சாலும் தைக்கலனாலும் ஊஊனு சுத்தினே இருக்கும், கரண்ட் பில்லு வந்தா நெஞ்சு அடைக்கும். சர்வோ அப்படி இல்ல, பெடல அமுக்குனா தான் சுத்தும். இந்த மாதிரி மூணு மெஷின மாத்துனதுல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ வர பில்லுல வித்தியாசம் நல்லாவே தெரிஞ்சுது, அதனால கரண்ட் விஷயத்துல நல்ல மார்க்.

இப்ப தலைப்புக்கு வரேன். சுவிட்ச் போட்டதும் ஒரு பொண்ணு குரல் "ஹுவான்யிங் ஷியோங்"னு ஆரம்பிச்சு இன்னான்னாவோ சொல்லும், நல்வரவுன்ற மாதிரி அர்த்தமாம். மொத நாளு எங்க டெய்லர் சாந்தி அக்கா கைல இருந்த லைனிங்க கீழ போட்டுட்டு எழுந்து நின்னுட்டாங்க. ஒரு வாரம் போனப்புறம் அவங்களே காலைல சுவிட்ச் போட்டுட்டு "வணக்கம்மா, சாப்டியா"னு அதுக்கு பதில் சொல்ல ஆரம்பிச்சாங்க. பேனல்ல பாஷை மாத்துற ஆப்ஷன் கீது. சீனம், இங்கிலீஷ், வியட்நாம் பாஷை, துருக்கி பாஷை, ஸ்பானிஷ். கொஞ்சம் யோசிச்சு பாத்தா தையல் வேல எந்தெந்த நாட்டுக்கு போய்கினு கீதுன்ற மேப்பே அதுல தெரியுது. தமிழ் இல்ல, இந்தியும் இல்ல.

தையல் எப்படினா நல்லாவே கீது. டாப் லைன் (ஷூவோட வாய் ஓரம்) தைக்கும்போது வளைவுல தையல் ஒரே அளவா வருது, பேக் டாக் (முனைல பின்னால போட்டு பூட்டற தையல்) சுத்தம், நூல் முனை மூணு மில்லி கூட நீட்டினு இருக்காது. கன்னுக்குட்டி தோல்ல ரோலர் தடம் விழுது, அது ஒரு குறை, பிரஷர கொறச்சு வெச்சா சரியாவுது ஆனா அப்ப தடிப்பான எடத்துல தையல் தாண்டுது. பெரிய கம்பெனி சூப்பர்வைசருங்க இத பாத்துட்டு "சீனா மெஷினா, அட்லர் மாதிரி வருமா"னு மூஞ்ச சுளிப்பாங்க. ஜெர்மன் அட்லர் இந்தப் பக்கம் கடவுள் மாதிரி. நானும் அப்படித்தான் கும்பிட்டுனு இருந்தேன், அப்பால தான் தெரிஞ்சுது டூர்காப் அட்லர் கம்பெனிய 2005லயே ஷாங்காய்ல கீற ஷாங்கோங்னு ஒரு சீனா கம்பெனி வாங்கிடுச்சு, 2013ல பாஃப் இண்டஸ்ட்ரியல்ன்ற இன்னொரு ஜெர்மன் மெஷின் கம்பெனியையும் அவங்களே வாங்கிட்டாங்க. ஆக மூணு லட்சம் குடுத்து ஜெர்மன் மெஷின் வாங்குனாலும் லாபம் ஷாங்காய்க்கு தான் போவுது. இத ஒரு சூப்பர்வைசர் கிட்ட சொன்னேன், அவரு நம்பல, மொபைல்ல காட்டுனதுக்கப்புறம் டீ குடிக்க போய்ட்டாரு.

மெஷின் வந்த அன்னிக்கு எங்க மாமா வந்திருந்தாரு. அவரு கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டைக்காரரு, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்புன ஊரு அது, மாமாவும் இருபது வருஷம் சர்வீஸ் போட்டு லடாக் குளிரு வரைக்கும் பாத்துட்டு வந்தவரு. பெட்டி மேல சீன எழுத்த பாத்துட்டு ஒன்னும் பேசல, தண்ணி கூட குடிக்கல. சாயந்திரம் போவும்போது தான் சொன்னாரு: "மாப்ள, 2019ல சீன அதிபர் ஷி ஜின்பிங்க மாமல்லபுரத்துக்கு கூட்டினு வந்து எளனி குடுத்தோம், எட்டே மாசத்துல லடாக் எல்லை கல்வான்ல இருபது பேர இழந்தோம், அதுல ராமநாதபுரத்து பழனியும் ஒருத்தரு, அது ஞாபகம் கீதா ஒனக்கு?" கீது மாமா. 2020 ஜூன் 15 ராத்திரி. அந்த மாசம் 29ஆம் தேதி டிக்டாக்கோட சேத்து 59 ஆப்ப தடை பண்ணாங்க, ஊரே கைதட்டுச்சு, நானும் தட்டுனேன். ஆனா டிக்டாக்க அழிச்சிட்டு ரீல்ஸுக்கு போய்டலாம், போஸ்ட் பெட் மெஷினுக்கு போறதுக்கு நமக்கு வேற எடம் கெடையாது, இந்த ரேட்டுல நம்ம நாட்டுல செய்ற ஆள நான் தேடி பாத்து அலுத்துட்டேன். 2023-24ல நாம அவங்க கிட்ட வாங்குனதுக்கும் வித்ததுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 8,500 கோடி டாலர் பள்ளம், அதுல என் 61,000 ரூபாயும் ஒரு தூசி. மாமா கிட்ட இத சொன்னேன். அவரு வந்த அந்த வாரம் தான் லடாக் எல்லைல டெப்சாங், டெம்சோக் ரெண்டு எடத்துலயும் மறுபடி ரோந்து போவ ரெண்டு நாடும் ஒத்துக்கினதா பேப்பர்ல போட்டிருந்தான். "ஒத்துக்கினாங்கனா வாங்கு, ஆனா ஒன்ன நம்பி இன்னொன்ன விக்காத, பழைய மெஷின வெச்சுக்கோ"னாரு. அந்த பேச்ச கேட்டு ஒரு கிளட்ச் மெஷின விக்காம மூலைல வெச்சேன், அது தான் பின்னால மானத்த காப்பாத்துச்சு.

எப்படினா கேளுங்க. 2025 பொங்கலுக்கு லீவு விட்டுட்டு தொறந்த மறுநாள் வோல்டேஜ் ஏறி எறங்குனதுல ஒரு மெஷினோட கன்ட்ரோல் பாக்ஸ் போர்டு புஸ்ஸுனு போய்டுச்சு. ஸ்டெபிலைசர் போடாதது என் தப்பு, ஒத்துக்கறேன். டீலருக்கு போன் போட்டா "சார் ஸ்டாக் இல்ல, சீனாலேருந்து வரணும்"னாரு. வாரன்டி கார்டுல ஒரு வருஷம்னு போட்டிருந்ததே சார்னா, "அது மோட்டாருக்கு, போர்டுக்கு இல்ல"னு சொன்னாரு, கார்டுல எங்கயும் அப்படி பிரிச்சு எழுதல. சர்வீஸ்க்கு நான் குடுக்குற மார்க் இங்க விழுந்துது. முன்னெல்லாம் ஆம்பூர்ல மெஷின் எறக்குனா சீனாலேருந்து டெக்னீஷியன் ஒருத்தன் வந்து ரெண்டு வாரம் லாட்ஜ்ல தங்கி, பிரியாணிய ஒரு புடி புடிச்சிட்டு, எல்லாத்தையும் செட் பண்ணிட்டு போவான். 2020க்கு அப்புறம் அவங்களுக்கு விசா கெடைக்கறதே குதிரை கொம்பா போச்சு, அந்தப் பக்கமும் 2025 ஜூலைல இந்தியால கீற ஃபாக்ஸ்கான் ஃபேக்டரிலேருந்து 300க்கு மேல சீன இன்ஜினியருங்கள திருப்பி கூப்டுகினாங்கனு நியூஸ் வந்துது. ஐபோன் செய்றவனுக்கே அந்த கதினா பேரணாம்பட்டுக்கு யாரு வருவா.

சரி நேரா கம்பெனி கிட்டயே பேசலாம்னு பாத்தா அது ஒரு தனி கூத்து. பெட்டி மேல வீசாட் (அவங்க ஊரு வாட்ஸ்அப் மாதிரி) கியூஆர் கோடு ஒட்டியிருந்தான். வீசாட் இங்க தடை, அந்த 59ல அதுவும் ஒன்னு. வாட்ஸ்அப்ல பேசலாம்னா அது அவங்க ஊர்ல 2017லேருந்தே அடைச்சு வெச்சிருக்காங்க. ரெண்டு அரசாங்கமும் ஆளுக்கொரு கதவ பூட்டிட்டு சாவிய பாக்கெட்ல போட்டுகினா போர்டு போன மெஷின் நடுவுல நிக்குது. கடைசில ஈமெயில் போட்டேன், அவங்க எக்ஸ்போர்ட் செக்ஷன்ல இருந்த ஒரு பொண்ணு, தடைய தாண்டற விபிஎன் போட்டு வாட்ஸ்அப்புக்கு வந்துச்சு. நம்ம விட ரெண்டரை மணி நேரம் முன்னால அவங்க. நான் காலைல ஒம்போதுக்கு கூப்ட்டா அங்க பதினொன்னரை. அவ்ளோ பெரிய நாட்டுக்கு ஒரே டைம் தான், மேற்குல சிஞ்சியாங்ல கீறவனுக்கும் பெய்ஜிங் நேரம் தான் கவர்மென்ட் நேரம்.

அந்த பொண்ணு நல்ல பொண்ணு, போர்டு நம்பர பாத்து ரெண்டே நிமிஷத்துல எது போச்சுனு சொல்லிடுச்சு. ஆனா "இப்ப அனுப்ப முடியாது, ஸ்பிரிங் ஃபெஸ்டிவல், எல்லாரும் ஊருக்கு போறோம்"னுச்சு. நாம பொங்கல் லீவு முடிஞ்சு தொறந்தா அவங்க புது வருஷ லீவுக்கு பூட்டறாங்க! 2025ல நமக்கு பொங்கல் வெச்ச அதே ஜனவரி 14 தான் அவங்க ஊருக்கு போற சீசன் ஆரம்பம், 40 நாள்ல 900 கோடி பயணம் நடக்கும்னு அவங்க கவர்மென்ட்டே முன்கூட்டி சொன்ன கணக்கு. கோயம்பேடு கூட்டத்த பாத்தவன் எனக்கே தல சுத்துச்சு. அந்த பொண்ணு ஊரு அன்ஹுய் மாகாணமாம், பையன் அங்க பாட்டி கிட்ட வளர்றானாம், வருஷத்துக்கு ஒரு தடவ தான் பாக்கறாளாம். ஏன் கூட வெச்சுக்கல்லனு கேட்டேன், ட்ரான்ஸ்லேட் ஆப் வழியா "ஹுகோவ்"னு ஒரு வார்த்தை வந்துது. குடும்பப் பதிவு எந்த ஊர்ல கீதோ பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி சலுகை எல்லாம் அந்த ஊரோட கட்டிப்போட்டது, பெரிய சிட்டிங்கள்ல வெளியூர்காரங்க புள்ளைய கவர்மென்ட் ஸ்கூல்ல சேக்கறது பெரும்பாடு. நம்ம யூனிட்ல பீகார் பையன் ஒருத்தன் கீறான், அவன் பொண்ணு இங்க பஞ்சாயத்து ஸ்கூல்ல தமிழ்ல ஆத்திச்சூடி சொல்லுது. அத அந்த பொண்ணு கிட்ட சொல்லலாமானு யோசிச்சேன், சொல்லல.

போர்டு வந்தது மார்ச் ரெண்டாம் வாரம். அது வரைக்கும் ஏழு வாரமும், மூலைல வெச்ச அந்த கிளட்ச் மெஷின்ல தச்சோம். போர்டு விலை 9,500, கூரியர் தனி.

மெஷின் உள்ள கீற மோட்டார பத்தி ஒரு விஷயம் சொல்லியே ஆவணும், இத தெரிஞ்சுக்காம சீனா மால பத்தி பேசறது வேஸ்ட். சர்வோ மோட்டார் சின்னதா இருந்துனு அவ்ளோ இழுக்குதுனா காரணம் உள்ள கீற நியோடிமியம் காந்தம். அந்த மாதிரி காந்தம் செய்றதுல உலகத்துல பத்துல ஒம்போது பங்கு சீனா தான். 2025 ஏப்ரல்ல ட்ரம்ப் வரிய ஏத்தி ஏத்தி சீனா சரக்குக்கு 145 சதவீதம்னு கொண்டாந்து நிறுத்துனாரு. அந்த வாரம் ஆம்பூர் டீக்கடைல பேச்சு எப்படி தெரியுமா, "பாய், சீனா ஷூ ஆர்டர் மொத்தமும் நமக்கு தான், ஆள் எடுங்க, மெஷின் எடுங்க"னு. நானும் ரெண்டு மெஷினுக்கு அட்வான்ஸ் குடுக்க போய்ட்டேன். ஆனா சீனா ஏப்ரல் 4ஆம் தேதியே ஏழு அரிய மண் தனிமத்துக்கும் அத சேத்து செய்ற காந்தத்துக்கும் லைசென்ஸ் இல்லாம ஏற்றுமதி கெடையாதுனு சொல்லிடுச்சு, வெப்பம் தாங்க காந்தத்துல சேக்கற டிஸ்ப்ரோசியம், டெர்பியம் எல்லாம் அதுல வருது. அமெரிக்கா கார் கம்பெனிங்க அலறுச்சு, நம்ம எலக்ட்ரிக் வண்டிக்காரங்களும் தவிச்சாங்க, காந்தமா வராது, முழு மோட்டாரா வாங்கலாமானு கூட யோசிச்சாங்க. ஜெனீவால ஒக்காந்து பேசி மே 12ஆம் தேதி அந்த 145அ 30க்கு எறக்கறதா அறிவிச்சுட்டாங்க.

நமக்கு இன்னா ஆச்சு? 2025 ஆகஸ்ட் 27லேருந்து அமெரிக்கா இந்தியாவுக்கு 50 சதவீதம் வரி போட்டுச்சு. அதுல பாதி ரஷ்யா எண்ணெய் வாங்குனதுக்கு அபராதமாம், ரஷ்யா எண்ணெய நம்மளவிட அதிகமா வாங்கறதே சீனா தான், அவன் மேல அந்த அபராதம் போடல, ஏன்னா அவன் கைல காந்தம் கீது, நம்ம கைல இன்னா கீது, தோலும் ஊசியும் தான். எனக்கு ஜாப் வொர்க் குடுக்குற கம்பெனில ஜோடிக்கு 4 ரூபா கொறச்சாங்க, செப்டம்பர்ல ரெண்டு வாரம் கட்டிங்கே (தைக்க வெட்டுன தோல்) வரல, பதினோரு பேர்ல மூணு பேர வூட்ல இருக்க சொன்னேன், அதுல ஒரு அக்கா இன்னும் எங்கிட்ட சரியா பேசறதில்ல.

இன்னொரு பக்கம் தைவான் ஷூ கம்பெனிக்காரங்க இங்க வந்துனு கீறாங்க. செய்யாறுல ஃபெங் டே வந்து பல வருஷம் ஆச்சு, இப்ப ராணிப்பேட்டை பனப்பாக்கம் சிப்காட்ல ஹாங் ஃபூ, 1,500 கோடி முதலீடு, 25,000 பேருக்கு வேலைனு 2024 டிசம்பர்ல அடிக்கல் நாட்டுனாங்க. இந்த தைவான் ஷூ கம்பெனிங்க தான் 30, 35 வருஷத்துக்கு முன்னால சீனாவுல போய் எறங்குனவங்க. அங்க சம்பளம் ஏறிச்சு, பசங்க ஃபேக்டரி வேணாம் டெலிவரி வண்டி ஓட்றேன்றான், 2014 ஏப்ரல்ல டோங்குவான்ல யூ யுவான் ஷூ ஃபேக்டரில பல்லாயிரம் பேரு வேலைய நிறுத்துனாங்க, எதுக்குனா கம்பெனி சமூக காப்பீட்டு பணத்த, நம்ம பிஎஃப் மாதிரி தான், ஒழுங்கா கட்டலனு. அங்க சங்கம்னா கவர்மென்ட் சங்கம் ஒன்னு தான், தனியா ஆரம்பிக்க விட மாட்டாங்க, அப்டியும் அவ்ளோ பேரு வெளிய வந்து நின்னாங்க. அந்த வேல தான் வியட்நாம், இந்தோனேசியா சுத்திட்டு இப்ப பனப்பாக்கத்துக்கு பஸ் ஏறி கீது. எனக்கு அதுல சந்தோஷமும் கீது பயமும் கீது, சாந்தி அக்கா மாதிரி கை உள்ள டெய்லருங்க பிஎஃப், ஈஎஸ்ஐ, கம்பெனி பஸ்ஸுனு அங்க போய்ட்டா என் யூனிட்ல யாரு தைப்பா. போவாதீங்கனு சொல்ற யோக்கியதையும் எனக்கு கெடையாது.

மெஷினுக்கு வருவோம். தையல், கரண்ட் ரெண்டுக்கும் அஞ்சுக்கு நாலரை. சத்தம் கம்மி, அதுக்கு அரை மார்க் கூட குடுக்கலாம். பேனல் பட்டன் ஆறு மாசத்துல எழுத்து அழிஞ்சுடுச்சு. டீலர் சர்வீஸ் அஞ்சுக்கு ஒன்னு, அதுவும் போன எடுத்ததுக்காக. வாங்குறவங்க மெஷினுக்கு ஒரு ஸ்டெபிலைசர கண்டிப்பா போடுங்க, விலை பேசும்போதே ஒரு போர்டு ஸ்பேர்ல சேத்து எழுதி வாங்கிடுங்க, தீபாவளிக்கு முன்னாலயே ஊசி, ஹூக், பாபின் கேஸ் எல்லாம் ஸ்டாக் பண்ணிடுங்க, ஜனவரி பிப்ரவரில அங்க யாரும் போன் எடுக்க மாட்டாங்க.

ஆங், ஒன்னு விட்டுட்டேன். மார்ச்ல வந்த போர்டு வியட்நாமுக்கு போவேண்டிய லாட்டுலேருந்து அனுப்புனதாம், அந்த பொண்ணே சொல்லிச்சு. அதனால எட்டு மெஷின்ல ரெண்டு சீனத்துல வணக்கம் சொல்லுது, ஒன்னு மட்டும் வியட்நாம் பாஷைல பேசுது. குரல நிறுத்தலாம், மெனுல கடைசி பக்கத்துல கீது. நிறுத்தட்டுமானு கேட்டேன். "இருக்கட்டும் சார், அது பேசலனா மெஷின் ஆன் ஆச்சா இல்லையானே தெரியாது"ன்டாங்க சாந்தி அக்கா.