ஒரே வேவ்டேபிள், ஒன்று பெட்டியில் ஒன்று திரையில்

ஹார்ட்வேர் சின்த் (ஒலியை உண்டாக்கும் சின்தசைசர் பெட்டி) என்றாலே சத்தம் தடிமனாக இருக்கும், பிளகின் (அதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்யும் மென்பொருள்) என்றால் மெலிந்துபோயிருக்கும் என்கிற பேச்சை வேவ்டேபிள் விஷயத்தில் நான் நம்புவதில்லை. அனலாக் சின்த்களைப் பற்றி அப்படிச் சண்டை போட்டால் அதற்கு ஏதோ ஒரு காரணமாவது இருக்கும். வேவ்டேபிள் பிறந்ததே டிஜிட்டலாகத்தான்: ஒவ்வொன்றும் ஒரே ஒரு சுற்று மட்டும் உள்ள அலைகளை வரிசையாக அடுக்கிவைத்து, வாசிக்கும்போது அந்த வரிசையில் முன்னும் பின்னும் நகர்ந்தால் ஒலியின் நிறம் மாறும், அவ்வளவுதான். பெட்டிக்குள் இருப்பதும் ஒரு சிப், அதில் ஓடுவதும் ஒரு மென்பொருள்.

இதைச் சோதிக்கத் தோதான ஜோடி கோர்க் மாட்வேவ். 2021-ல் வந்தது, 37 கட்டை, 32 குரல் (ஒரே நேரத்தில் அத்தனை ஸ்வரம் ஒலிக்கும்). அதே எஞ்சினை மாட்வேவ் நேட்டிவ் என்ற பெயரில் பிளகினாகவும் விற்கிறார்கள். நண்பரிடம் பெட்டி, என்னிடம் பிளகின். ஒரே பிரீசெட்டை (ஆயத்த ஒலி அமைப்பை) இரண்டிலும் ஏற்றிக் கேட்டோம். முதலில் பெட்டிதான் கம்பீரமாக இருந்தது, நண்பருக்கு ஒரே பெருமை. அப்புறம் பார்த்தால் அது கொஞ்சம் சத்தமாக வந்துகொண்டிருந்தது. ஒலி அளவைச் சமப்படுத்திவிட்டு, எது எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் பத்து முறை கேட்டதில் அவர் ஆறு முறை சரியாகச் சொன்னார், நான் நான்கு முறை. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதுதான் வந்திருக்கும்.

ஆனால் எல்லாப் பெட்டிகளையும் இதே கணக்கில் சேர்க்க முடியாது. 1980-களின் தொடக்கத்தில் வந்த பி.பி.ஜி. வேவ் சின்த்களில் அலைகள் 8-பிட் (துல்லியம் குறைவு), கரகரவென்று இருக்கும், ஓர் அலையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது வழுக்கிக்கொண்டு போகாமல் படி ஏறுவதுபோல் தாவும். அந்தக் கரகரப்பு முழுவதும் ஓர் அனலாக் ஃபில்டர் (ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டும் மின்சுற்று) வழியாக வெளியே வரும். இந்தக் கலவைக்காகத்தான் அந்த ஒலியை இன்றும் தேடிப் போகிறார்கள். வால்டோர்ஃப் எம், குரூவ் சின்தசிஸின் தேர்டு வேவ் இரண்டும் அந்த வழியில் வந்தவை, டிஜிட்டல் ஆஸிலேட்டருக்குப் (அலையை உண்டாக்கும் பகுதிக்குப்) பின்னால் நிஜ அனலாக் ஃபில்டர். இதைப் பிளகினில் பாவனை செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். ரெசனன்ஸை (ஃபில்டர் வெட்டும் இடத்தில் ஒலியைத் தூக்கிக்காட்டுவது) ஏற்றிவிட்டு கட்ஆஃபை (அந்த வெட்டும் இடம்) மெதுவாக இறக்கும்போது மட்டும் என் காதுக்கு இன்னும் வித்தியாசம் தெரிகிறது. பாட்டுக்குள் டிரம்ஸும் பேஸும் சேர்ந்த பிறகு தெரிகிறதா என்று கேட்டால், தெரியவில்லை.

சரி, ஒலி கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றால் நான் எதற்கு ஹைட்ராசின்த் என்ற வேவ்டேபிள் பெட்டியை வாங்கினேன்? கட்டைகளுக்காக. அதில் பாலிஃபோனிக் ஆஃப்டர்டச் உண்டு. ஆஃப்டர்டச் என்றால் கட்டையைத் தட்டிய பிறகு இன்னும் அழுத்தி ஒலியை மாற்றுவது. சாதாரண ஆஃப்டர்டச்சில் ஒரு விரலை அழுத்தினால் பிடித்திருக்கும் எல்லா ஸ்வரமும் சேர்ந்து மாறும். இதில் அழுத்திய விரலுக்கு மட்டும் மாறும். நாலு ஸ்வரம் பிடித்துக்கொண்டு சுண்டுவிரலை மட்டும் கொஞ்சம் அழுத்தினால் மேல் ஸ்வரம் ஒன்று மட்டும் வரிசையில் நகர்ந்து பிரகாசமாகிறது, மற்ற மூன்றும் அசையாமல் அடியில் கிடக்கின்றன. முதல் நாள் இரவு இதை மட்டுமே மூன்று மணி நேரம் செய்துகொண்டிருந்தேன், ஒரு வரி கூடப் பதிவு செய்யவில்லை. பிளகினில் இதைச் செய்ய முடியாதா என்றால் முடியும். வைட்டல் என்ற பிளகினில் எம்.பி.இ. (ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக மாற்றும் முறை) வசதி இருக்கிறது, அதற்கேற்ற கீபோர்டு ஒன்றை மாட்டினால் போதும். பெரும்பாலானவர்கள் மாட்டுவதில்லை, அவ்வளவுதான். கையில் இருக்கும் இரண்டு ஆக்டேவ் மினி கீபோர்டில் தட்டிவிட்டு, மீதியை மௌஸால் கோடு வரைந்து முடித்துக்கொள்கிறோம். நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் செய்தேன்.

இனி ஹைட்ராசின்த்தின் பெரிய குறை: சொந்தமாக வேவ்டேபிள் ஏற்ற முடியாது. உள்ளே இருக்கும் 219 அலைகளில் எட்டை எடுத்து அடுக்கிக்கொள்ளலாம், அதற்கு மேல் இல்லை. அந்த எட்டுக்குள்ளேயே நிறைய விளையாடலாம் என்பது உண்மைதான், ஆனாலும் ஒரு வேவ்டேபிள் சின்த்தில் என் வேவ்டேபிள் போகாது என்பது உறுத்துகிறது.

இந்த இடத்தில் பிளகின் பெட்டியை எங்கோ பின்னால் விட்டுவிடுகிறது. 2014-ல் வந்த சீரம் என்ற பிளகின் பலருக்கும் வேவ்டேபிளை அறிமுகப்படுத்தியதே அதன் எடிட்டர் மூலமாகத்தான் என்பேன். ஒரு டேபிளில் 256 ஃபிரேம் (அலை) வரை, ஒவ்வொன்றிலும் 2048 சாம்பிள் (புள்ளி). கையால் வரையலாம், சூத்திரம் எழுதி உண்டாக்கலாம், ஓர் ஆடியோ கோப்பை இழுத்து ஆஸிலேட்டர் மேல் போட்டால் அதுவே துண்டு துண்டாக நறுக்கி டேபிள் ஆக்கிவிடும். கதவு கிறீச்சிடும் சத்தத்தைப் போட்டு எடுத்த டேபிள்தான் இன்றுவரை எனக்குப் பிடித்த பேஸ் ஒலி. 2020-ல் வந்த வைட்டலின் அடிப்படைப் பதிப்பு இலவசம், அதில் நீங்கள் எழுதிக்கொடுக்கும் வார்த்தையைப் பேச வைத்தே டேபிள் ஆக்கும் வேடிக்கையும் உண்டு. இதையெல்லாம் பெட்டியின் குட்டித் திரையில் செய்யச் சொன்னால் நான் தையல் கற்றுக்கொள்ளப் போய்விடுவேன். மாட்வேவ் மட்டும் புத்திசாலி, சீரம் டேபிள்களை கம்ப்யூட்டர் வழியாக ஏற்றிக்கொள்கிறது.

பிளகினின் சுகங்களைப் பட்டியல் போடத் தேவையில்லை, ப்ராஜெக்டைத் திறந்தால் ஆறு மாதத்துக்கு முன் விட்ட ஒலி அப்படியே இருக்கும், ஒன்று வாங்கினால் பத்து டிராக்கில் போடலாம். பெட்டியில் ஒவ்வொரு டிராக்கையும் முழுதாக வாசித்துப் பதிவு செய்யவேண்டும், மூன்று நிமிடப் பாட்டென்றால் மூன்று நிமிடம் உட்கார்ந்தே ஆகவேண்டும். பிளகினுக்கும் ஒரு வலி இருக்கிறது, தாமதம். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் ஒலித்துண்டு) 256 சாம்பிள் என்றால் அந்த ஒரு பஃபருக்கே ஐந்து மில்லிசெகண்டுக்கு மேல், மற்றதெல்லாம் சேரும்போது விரல் உணர ஆரம்பிக்கும். பஃபரைக் குறைத்தால், யூனிசனை (ஒரே ஸ்வரத்தைப் பல பிரதிகளாக ஒலிக்கவிடுவது) 16-க்கு ஏற்றிவைத்திருக்கும் சீரம் ஒன்றே என் லேப்டாப் விசிறியை விமானம்போல் கத்த வைக்கும்.

ஆயுள் விஷயத்தில் இருவருமே ஏமாற்றுவார்கள். 2019-ல் மேக் ஓ.எஸ். கேட்டலினா வந்தபோது 32-பிட் பிளகின்கள் எல்லாம் ஒரே நாளில் செத்தன, என்னுடைய நாலைந்து பழைய பாட்டுகளும் அவற்றோடு போயின. பெட்டி அப்படிச் சாகாது, வேறு மாதிரிச் சாகும். பழையதாக வாங்கிய ஒரு சின்த்தில் (எது என்று சொல்லப்போவதில்லை) என்கோடர் (திருகும் குமிழ்) பைத்தியம் பிடித்து, வலதுபக்கம் திருகினால் இடதுபக்கம் போக ஆரம்பித்தது. ஐந்திலிருந்து ஆறுக்குப் போக ஐந்து, நாலு, ஏழு, மூன்று என்று ஒரு யாத்திரை.

இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் வைட்டலை இறக்கிக்கொண்டு, மிச்சமாகும் பணத்தை நல்ல கட்டைகள் உள்ள கீபோர்டில் போடுங்கள், பாலி ஆஃப்டர்டச் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு வருடம் கழித்து மௌஸ் அலுத்துப்போனால் அப்போது பெட்டியைப் பற்றி யோசிக்கலாம். மாட்வேவ் வைத்திருக்கும் அந்த நண்பர், பயணத்தில் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை என்று போன மாதம் நேட்டிவையும் வாங்கிவிட்டார். அப்படியானால் பெட்டியைக் கொஞ்ச நாள் எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். தூசு தட்டிக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டார்.