ஆக்சிஜன் சென்சார் கோளாறு: ஸ்கேனரா, மல்டிமீட்டரா, மாற்றிப் பார்ப்பதா?

செக் எஞ்சின் லைட் எரிந்து, ஸ்கேனர் காட்டும் கோடில் (பி0131 போன்ற கோளாறு எண்) ஆக்சிஜன் சென்சார், அதாவது எக்ஸாஸ்ட் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார் என்று வந்தால் பலரும் நேராகப் புது சென்சார் வாங்கிவிடுகிறார்கள். கோடு எந்த சர்க்யூட்டில் குறை என்று மட்டுமே காட்டும். கெட்டது சென்சாரா, வயரா, ஃபியூஸா, மேனிஃபோல்டில் கசிவா என்பதை நாம்தான் பிரித்தறிய வேண்டும். அதற்கு நான்கு வழிகள் உண்டு. எந்தக் கோடுக்கு எந்த வழி என்பதில்தான் செலவு கூடுவதும் குறைவதும்.

இங்கே சொல்லும் வோல்ட் அளவுகள் பெட்ரோல் கார்களில் வரும் நான்கு வயர் சிர்கோனியா சென்சாருக்கானவை. வைட்பேண்ட் வகைக்கு இவை பொருந்தாது. அதை ஸ்கேனரில் லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதத்தைக் குறிக்கும் எண்) அளவாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ப்ளூடூத் ஸ்கேனரும் மொபைல் ஆப்பும். விலை குறைவு, எதையும் கழற்ற வேண்டியதில்லை. கோடை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமை (கோடு விழுந்த நேரத்தில் எஞ்சின் இருந்த நிலையின் பதிவு) குறித்து வையுங்கள். கோடோடு அதுவும் அழிந்துபோகும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு 2500 ஆர்பிஎம்மில் பிடித்து, சென்சார் 1-இன் (கேடலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது) கிராஃபைப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும், 10 விநாடியில் 8 முறையாவது. சென்சார் 2, அதாவது புகையைச் சுத்திகரிக்கும் அந்தக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பது, 0.6 அல்லது 0.7 அருகே ஏறக்குறைய நேர்கோடாக நிற்கும். அந்த நேர்கோட்டைப் பார்த்து சென்சார் செத்துவிட்டது என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. அது அப்படி நிற்பதுதான் சரி. சென்சார் 1 போலவே அதுவும் துள்ளினால் கன்வெர்ட்டரைச் சந்தேகிக்கலாம், பி0420 (கன்வெர்ட்டரின் திறன் குறைவு) கோடும் வரலாம்.

ஸ்கேனரின் உண்மையான பலம் ஃபியூவல் ட்ரிம்தான், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற அளவு. பி0131 (சென்சார் 1-இல் வோல்ட் குறைவு) வந்து, வோல்ட் 0.1-லேயே கிடக்கிறது, ட்ரிம் பிளஸ் 20 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று வையுங்கள். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று ஒரு மிதி மிதியுங்கள். 0.8-க்கு மேல் பாய்ந்தால் சென்சார் வேலை செய்கிறது. அது சொல்லும் 'லீன்' (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) பெரும்பாலும் உண்மை. வேக்கம் ஹோஸ் விரிசலையும், சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிவையும் தேடுங்கள். புகை துடிப்பு துடிப்பாகத்தான் வெளியேறும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே அழுத்தம் குறையும்போது அந்தக் கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அந்த ஆக்சிஜனைத்தான் சென்சார் பார்க்கிறது. புது சென்சார் போட்டாலும் அதே கோடு திரும்பி வரும்.

பி0135, பி0141 இரண்டும் ஹீட்டர் (சென்சாரைச் சூடாக்க அதனுள்ளேயே இருக்கும் கம்பி) கோடுகள். இங்கே கிராஃப் பார்ப்பதால் பெரிய பயனில்லை, மல்டிமீட்டர்தான் சரியான கருவி. எஞ்சின் ஆறியிருக்கும்போது கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளக்) கழற்றி, சென்சார் பக்கத்தில் ஒரே நிறமுள்ள இரண்டு வயர்களுக்கு இடையே ஓம்ஸ் பாருங்கள். தயாரிப்பைப் பொறுத்துச் சில ஓம்ஸ் முதல் 20 ஓம்ஸ் வரை காட்டும். எதுவும் காட்டாமல் ஓப்பன் என்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது, சென்சாரை மாற்றலாம். ஓம்ஸ் சரியாக இருந்தால் எஞ்சினை ஓடவிட்டு, ஹார்னஸ் (காரின் வயரிங்) பக்கத்து சப்ளை வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வரவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, வயரிங்தான். பத்தே நிமிட வேலை.

சிக்னல் வயர்களில் ஓம்ஸ் வைக்காதீர்கள், வயரின் தோலைக் குத்தியும் பார்க்காதீர்கள். பல சென்சார்களில் ஒப்பீட்டுக்கு வேண்டிய வெளிக்காற்று வயரின் உள்வழியாகவே போகிறது. கப்ளருக்குள் கிரீஸ் தடவக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

சாதாரண மல்டிமீட்டர் வேகமாக மாறும் சிக்னலைச் சராசரியாக்கி 0.4, 0.5 என்று காட்டிவிடும். அதனால் பி0133, அதாவது சென்சார் மந்தம் என்ற கோடுக்கு அது உதவாது. ப்ளூடூத் ஸ்கேனரும் போதிய வேகத்தில் தரவு தராது. இந்த ஒரு கோடுக்கு மட்டும் ஆசிலோஸ்கோப் (வேகமாக மாறும் வோல்ட்டை வரைபடமாகக் காட்டும் கருவி) உள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் பணம் கொடுப்பது நியாயம். லீனிலிருந்து ரிச்சுக்கு (பெட்ரோல் அதிகம்) 100 மில்லிவிநாடிக்குள் தாவினால் சென்சார் நல்லது.

மாற்றிப் பார்ப்பது எங்கள் பட்டியலில் கடைசி. ஹீட்டர் அறுந்தது உறுதியானால், அல்லது சட்டென்று மிதித்தும் சென்சார் அசையாமல், வயரிங்கும் சரியாக இருந்தால் மட்டும். வயரை வெட்டி ஒட்டும் யுனிவர்சல் சென்சாரைவிட அந்தக் காருக்குரிய கப்ளரோடு வருவதே மேல். மரை பெரும்பாலும் 18 மில்லிமீட்டர், ஸ்பானர் 22. மேனிஃபோல்ட் லேசான சூட்டில் இருக்கும்போது கழற்றினால் மரை கிழியாது. கழற்றியதும் முனையைப் பாருங்கள். கரி படிந்திருந்தால் எஞ்சின் ரிச்சாக ஓடுகிறது. வெள்ளைப் படிவு இருந்தால் சிலிக்கான் சீலன்ட்டோ கூலன்ட்டோ எக்ஸாஸ்டுக்குள் போயிருக்கலாம்; அதைச் சரிசெய்யாமல் போட்டால் புது சென்சாரும் அதே வழியில் கெடும்.

மாட்டிய பிறகு கோடை அழித்து, ஓர் இரவு எஞ்சினை ஆறவிட்டு, காலையில் குளிர்ந்த நிலையிலேயே ஸ்டார்ட் செய்து ஓட்டுங்கள். ஸ்கேனரில் ஆக்சிஜன் சென்சார், ஹீட்டர் மானிட்டர்கள் (கார் தானே நடத்தும் சோதனைகள்) இரண்டும் முடிந்ததாகக் காட்டும்வரை லைட் அணைந்திருப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.