முதல் பைக் வாங்கப் போகிறவர்களுக்கு: “புதுசா ஓட்டறீங்க, அப்படித்தான் இருக்கும்” என்பதை நம்ப வேண்டாம்

கோவையில் பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஓர் ஆட்டோ கன்சல்டிங் கடையில், விபத்தில் அடிபட்டதும் கடன் தீராததுமான ஒரு பைக்கை, ‘சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன்’ என்று சொல்லி என்னிடம் விற்றார்கள். வழக்கு நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் ஏமாற்றிய முறையை முழுவதுமாக எழுதுகிறேன். முதன்முதலாக வண்டி வாங்குகிறவர்களைக் குறிவைத்த முறை அது. வண்டியில் இருந்த ஒவ்வொரு கோளாறையும் அவர்கள் என் பழக்கக் குறைவு என்றே சொன்னார்கள். பல ஆண்டுகள் ஓட்டியவருக்கு ஒழுங்கான வண்டி எப்படி ஓடும் என்பது கையிலும் காலிலும் பதிந்திருக்கும். அண்மையில் உரிமம் வாங்கியவருக்கு அந்த அளவுகோல் இன்னும் உருவாகியிருக்காது என்பதைக் கடைக்காரர் நன்றாக அறிந்திருந்தார்.

சித்தப்பாவின் ஸ்பிளெண்டரில் கிளட்சும் கியரும் பழகி உரிமம் பெற்றிருந்த நான், அந்தக் கடையில் கேட்டது 100 அல்லது 125 சிசி வண்டி. என் உயரம் ஐந்தடி ஓரங்குலம். ஸ்பிளெண்டர் பிளஸ்ஸின் எடை ஏறத்தாழ 112 கிலோ, இருக்கையின் உயரம் 785 மில்லிமீட்டர். ஷைன் 125 வண்டியின் எடையும் ஏறத்தாழ அவ்வளவுதான். இவற்றோடு ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350 வண்டியை ஒப்பிட்டால் அதன் எடை 195 கிலோ. பழகும் காலத்தில் வண்டி கீழே விழுவது வேகமாகப் போகும்போது மட்டுமல்ல. சிக்னலில் ஒரு காலை ஊன்றி நிற்கும்போதும், மேட்டில் நிறுத்திக் கிளப்பும்போதும், நெருக்கடியான தெருவில் திருப்பும்போதும் விழும். அந்த நேரங்களில் குதிரைத்திறன் எதற்கும் உதவாது. பாதம் தரையில் முழுதாகப் பதிகிறதா, சாயும் எடையைக் கால் தாங்குகிறதா என்பதே கேள்வி. எனவே முதல் வண்டிக்கு எடையையும் இருக்கை உயரத்தையும் முதலில் பார்த்து, அதற்குப் பிறகு மற்றதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடைக்காரர் அதைக் காதில் வாங்கவே இல்லை. “100 சிசியெல்லாம் பால்காரரு ஓட்டறதுங்க அம்மிணி, ஆறு மாசத்துல உங்களுக்கே சலிச்சுப் போயிரும்” என்று சொல்லி, 155 சிசி ஸ்போர்ட்ஸ் வண்டி ஒன்றை வெளியே எடுத்து நிறுத்தினார். இருக்கை 800 மில்லிமீட்டருக்கும் மேல் இருந்ததால் என் குதிகால் தரையைத் தொடவில்லை. சீட்டின் பஞ்சைச் செதுக்கி உயரத்தைக் குறைத்துத் தருவதாகச் சொன்னார், குறைத்தும் தந்தார். ஆனால் அவ்வகை வண்டிகளில் ஹேண்டில் தாழ்வாக இருப்பதால் உடலின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். ஹேண்டில் திரும்பும் அளவும் குறைவு. காந்திபுரத்தின் நெரிசலில் மெதுவாக உருட்டிக்கொண்டு போகப் பழக வேண்டிய ஒருவருக்கு இவை இரண்டுமே பெரும் இடையூறு. விற்காமல் தேங்கி நின்ற வண்டியைத் தள்ளிவிடுவதே அவருடைய நோக்கம் என்பது பின்னர் தெரியவந்தது.

ஓட்டிப் பார்த்தபோதே வண்டி இடப்பக்கமாக இழுத்தது. உடனே கேட்டேன். “புதுசா ஓட்டறீங்க, அப்படித்தான் இருக்கும்ங்க” என்றார். சித்தப்பாவின் வண்டி அப்படி இழுக்கவில்லையே என்றதற்கு, “அது லேசான வண்டிங்க, இதுல டயரு பெருசு, கை பழகோணும்” என்று பதில் வந்தது. முன்பிரேக்கைப் பிடிக்கும்போது ஹேண்டில் அதிர்ந்ததற்கு நான் அழுத்திப் பிடிப்பது காரணம் என்றார். நியூட்ரல் விழாததற்கு நான் கிளட்சை முழுதாக அமுக்காதது காரணம் என்றார். வாங்கிய பிறகும் வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார். கற்றுக்கொள்ளும் நிலையில் இருக்கும் ஒருவரிடம் ‘குறை உன் கையில்தான்’ என்று திரும்பத் திரும்பச் சொல்வதை நான் வெறும் வியாபாரப் பொய்யாகக் கருதவில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்களான ஃபோர்க் வளைந்திருக்கும் வண்டியுடன் அவரைச் சாலையில் அனுப்புவது உயிரோடு விளையாடும் செயல்.

சிங்காநல்லூரில் ஒரு மெக்கானிக் அண்ணன் வண்டியைப் பார்த்த சில நிமிடங்களிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். முன்ஃபோர்க் இரண்டும் வளைந்திருந்தன. ஹேண்டிலை இருபக்கமும் முழுதாகத் திருப்பும்போது வண்டியின் சட்டகமான சேஸிஸில் முட்டி நிற்பதற்கு ஒரு சிறு இரும்புத் தடுப்பு இருக்கும். அது ஒரு பக்கம் நசுங்கி, அதன்மேல் புதுப் பெயிண்ட் பூசப்பட்டிருந்தது. வண்டி எங்கோ பலமாக மோதியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. வெளியே தெரியும் பாகங்களை மாற்றிவிடுவார்கள், ஆனால் அந்தத் தடுப்பை மாற்றுவது எளிதல்ல. ஆகவே பழைய வண்டி பார்க்கும்போது டார்ச் அடித்து அந்த இடத்தைக் கட்டாயம் பாருங்கள். வண்டியை நேராக நிறுத்தி, சற்றுத் தள்ளி முன்னால் அமர்ந்து, முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். லீவர்களின் முனை, ஃபுட்ரெஸ்ட்டின் ஓரம், சைலன்சரின் அடிப்பகுதி ஆகியவற்றில் உள்ள உராய்வுகளும் வண்டி விழுந்த கதையைச் சொல்லும்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் தொடர்பான மோசடியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் அதற்கான விளக்கு எரிந்து, வண்டி நகர்ந்த பிறகு அணைய வேண்டும். என் வண்டியில் அது எரியவே இல்லை. முன்சக்கரத்தின் சென்சார் உடைந்து கிடந்தது. எச்சரிக்கை விளக்கு தெரியாதபடி செய்திருந்தார்கள். எரியாத விளக்கைக் கோளாறு இல்லாததன் அடையாளமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காகிதங்களிலும் இதே நேர்மைதான். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யின் ஒரு பக்க நகலை மட்டும் காட்டினார்கள். கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர் மறுபக்கத்தில் இருந்தது. தவணை கட்டாததால் நிதி நிறுவனம் பறிமுதல் (சீஸ்) செய்த வண்டி என்று பின்னர் அறிந்தேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டையும் கையெழுத்திட்டுக் கொடுத்து, “பேரு ஒரு வாரத்துல மாத்திரலாம்ங்க” என்றார்கள். நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும், கடன் முடிந்ததற்கான படிவம் 35-உம் இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்தான் சொன்னார்கள். ‘ஐந்து வருஷ இன்சூரன்ஸ்’ என்று பெருமையாகக் காட்டியது மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு எப்போதோ முடிந்துபோயிருந்தது. பதிவு எண்ணைக் கொண்டு அரசின் வாகனத் தகவல் இணையதளமான பரிவாகன் தளத்தில் பார்த்தால் எத்தனையாவது உரிமையாளர், காப்பீடு எதுவரை, கடன் உண்டா என்பவை தெரியும். பணம் கொடுக்கும் முன், கடைக்காரர் எதிரிலேயே பாருங்கள். மேலும், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, பதிவான பழைய வாகனங்களை வாங்கி விற்பவர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அந்தக் கடையில் அப்படி எதுவும் இல்லை. கேட்டபோது, கோவையில் யாரிடம் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்கள்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்து, வேறு வண்டி எடுத்துக்கொள்ளுங்கள், கூடுதல் தொகை கொடுங்கள் என்று பேரம் பேசினார்கள். நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பி, பதில் வராததால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்திருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்ச ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. கடையில் கொடுத்த துண்டுச்சீட்டில் சேஸிஸ் எண்ணும் இல்லை, கடையின் முத்திரையும் இல்லை. நல்லவேளையாகப் பணம் வங்கி வழியாகப் போயிருந்தது, வாட்ஸ்அப் குரல்பதிவுகளும் இருக்கின்றன. மெக்கானிக் அண்ணன் தாம் கண்டதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்.

இதே போன்று வண்டி வாங்கிப் பெயர் மாற்றம் நடக்காமல் காத்திருப்பவர்கள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு நாளைக் கடத்த வேண்டாம். ஏமாற்றப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். வண்டியைப் பழுதுபார்ப்பதற்கு முன் வளைந்த பாகங்களைப் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பாகங்களையும் மெக்கானிக்கிடம் விட்டுவிடாமல் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.